மின்வடமும் இன்னிசையும்

இசையில் ஈடுபாடு மிக்கவர்கள் பாட்டின் நயத்தை மாத்திரமன்றி, அப்பாட்டைத் தம் இல்லத்துக்குக் கொண்டுவரும் கருவிகளின் நயத்தையும் நாடுவது இயல்பு. இசைத்தட்டின் காலத்திலும் இது இருந்தது. வால்வு வானொலிப் பெட்டியின் காலத்திலும் இருந்தது. இன்றைய அம்பிளிபயர்களின் காலத்தில் இது மேலும் வளர்ந்துள்ளது. ஒலிபெருக்கியை மாற்றினார்கள், ஒலிபெருக்கிக்குச் செல்லும் கம்பியை மாற்றினார்கள், இறுதியில் சுவரிலுள்ள மின்குதையிலிருந்து கருவிக்கு மின்சாரத்தைக் கொண்டுவரும் வடத்தையும் மாற்றத் தலைப்பட்டார்கள். கருவியோடு இலவசமாக வரும் சாதாரண மின்வடத்தை அகற்றிவிட்டு, தடித்த செம்பும் பின்னற் கவசமும் பொன்முலாம் பூசிய முனைகளும் கொண்ட வேறொரு வடத்தைப் பூட்டினால் இசை தெளிவு பெறும், தாழ்ந்த ஒலிகள் ஆழம் பெறும், பாடகரின் குரல் அருகே வந்து நிற்கும் என்று விற்பனையாளர் கூறுகின்றனர். அத்தகைய வடங்களுள் சில, ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயை விழுங்கவல்ல விலைக்கு உலகச் சந்தையில் விற்கப்படுகின்றன. ஆகவே இக்கூற்று மெய்யா என்று ஆராய்வது வீண் வேலையன்று.

இவ்வாராய்ச்சிக்கு மட்டக்களப்பு வாவிப் பிரதேசம் மிகவும் பொருத்தமான களமாகும். கேட்ட ஒலி எது, அதன் காரணம் எது என்ற வழக்கு இங்கே நெடுங்காலமாக நடந்து வருகின்றது. மீன் பாடும் தேனாடு என்று இந்நாடு பெயர் பெற்றதன் வரலாறு அனைவரும் அறிந்ததே. நிலவு காலும் இரவுகளில், நீர் அசைவற்றுக் கிடக்கும் வேளையில், கல்லடிப் பாலத்தின் அருகே தோணியில் இருப்போர் வாவியின் அடியிலிருந்து மெல்லிய இசையொலி எழுவதைக் கேட்டதாகக் கூறுவர். இலங்கையில் குடியேற்ற நாட்டுச் செயலாளராகப் பணியாற்றிய சேர் ஜேம்ஸ் எமேர்சன் ரெனன்ற் என்பவர் 1848-ஆம் ஆண்டில் மட்டக்களப்புக்கு வந்து, மீனவருடன் தோணியேறிச் சென்று அவ்வொலியைத் தாமே கேட்டார். அது தொடர்ந்த ஒரே ஓசையன்று, தனித்தனியே பிரித்துணரத்தக்க பல சிற்றோசைகளின் தொகுதி என்பதை அவர் கவனித்தார். தோணியின் பலகையில் காதை வைத்துக் கேட்டபோது ஒலி பெருகியது என்பதையும் 1859-இல் வெளிவந்த தமது நூலில் பதிவு செய்தார். அங்குள்ள மீனவர்களோ அதனை மீனின் பாட்டு என்று கூறவில்லை. ஊரி என்னும் சிப்பியினத்தின் ஒலி என்றே அவருக்குக் கூறினார்கள்.

ஒரு நூற்றாண்டு கழிந்தபின், 1950களில், மட்டக்களப்பில் பணியாற்றிய அமெரிக்க யேசு சபைத் துறவியாகிய லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கி அவ்வொலியைப் பதிவு செய்தார். அப்பதிவு பின்னர் இலங்கை வானொலியிலும் ஒலிபரப்பாயிற்று. அதனால் தெளிவானது ஒன்று: வாவியில் ஒலி உண்டு; அது கேட்பவரின் கற்பனையன்று. தெளிவாகாதது மற்றொன்று: அவ்வொலியை எழுப்புவது மீனா, ஊரியா, வேறோர் உயிரா என்பது. ஒலி உண்டா என்பது ஒரு கேள்வி. ஒலிக்குக் காரணம் எது என்பது வேறொரு கேள்வி. முதற் கேள்விக்கு விடை கிடைத்தமையால் இரண்டாம் கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாகக் கொள்ளுதல் தவறு. மின்வட வழக்கில் நிகழும் குழப்பத்தின் வேரும் இதுவே. வடத்தை மாற்றிய ஒருவர் தமக்கு வேறுபாடு கேட்டதாகக் கூறும்போது அவர் பொய்யுரைப்பதாக நினைத்தல் ஆகாது. அவருக்கு வேறுபாடு தோன்றியது உண்மை. அதற்குக் காரணம் வடந்தானா என்பதே ஆராயத்தக்கது.

செவியின் சான்றையும் கணக்கின் சான்றையும் ஒருங்கே கொண்டு ஆராயும் மரபு இந்நாட்டுக்குப் புதிதன்று. 1892-இல் காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. கல்லூரியில் விஞ்ஞானம் கற்பித்தவர். பழந்தமிழ் யாழின் வடிவத்தையும் நரம்புகளின் சுருதியையும் ஆராய முற்பட்ட அவர், இலக்கியச் சான்றுகளோடு நில்லாது, சுரங்களுக்கிடையேயுள்ள எண் விகிதங்களையும் கணித்தார். அந்த உழைப்பின் பயனாகிய யாழ்நூல் 1947-இல் அரங்கேறியது. இசையை ஆழ்ந்து நேசிப்பதும் அதனை அளந்து பார்ப்பதும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு அந்நூல் நிலையான சான்றாகும்.

இனி மின்சாரம் வரும் வழியைச் சிறிது நோக்குதல் வேண்டும். மலைநாட்டு நீர்மின் நிலையங்களிலும் நுரைச்சோலை போன்ற அனல்மின் நிலையங்களிலும் பிறக்கும் மின்சாரம் உயரழுத்தக் கம்பிகளின் வழியே பல நூறு கிலோமீற்றர் பயணம் செய்து கிழக்குக் கரையை அடைகின்றது. துணை நிலையங்களிலும் வீதியோரத்து நிலைமாற்றிகளிலும் அழுத்தம் படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 230 வோல்ற்று அளவில் வீட்டுக்குள் நுழைகின்றது. வீதியில் அது அலுமினியக் கம்பியிற் செல்கின்றது. சுவருக்குள் பல மீற்றர் நீளமான சாதாரணச் செம்புக் கம்பியிற் செல்கின்றது. இத்தனைக்கும் பின்னர் எஞ்சியிருப்பது மின்குதைக்கும் கருவிக்கும் இடைப்பட்ட ஒன்றரை மீற்றர் வடம் ஒன்றே. நெடுந்தூரம் சாதாரணக் கம்பியிற் கடந்துவந்த மின்சாரத்தைக் கடைசி ஒன்றரை மீற்றரில் மட்டும் புனிதப்படுத்திவிடலாம் என்பது முதற்பார்வையிலேயே ஐயத்துக்கு இடந்தருவது. ஆயினும் ஐயம் ஒன்றே முடிவாகாது. கருவிக்குள் நிகழ்வதையும் அறிந்துகொள்ளுதல் வேண்டும்.

மின்வடத்தின் வழியே இசை வருவதில்லை. இசையின் சாயலைத் தாங்கிய நுண்ணிய மின்னோட்டம் வேறு கம்பியில் வருகின்றது. மின்வடம் தருவது ஆற்றல் மட்டுமே. அந்த ஆற்றலும் வந்தபடியே பயன்படுத்தப்படுவதில்லை. வினாடிக்கு 50 முறை திசைமாறி ஆடும் ஆடலோட்டத்தை, வழக்கமான அம்பிளிபயர் ஒன்றினுள் இருக்கும் நிலைமாற்றி தேவையான அழுத்தத்துக்குக் கொண்டுவருகின்றது. சீராக்கி அதனை ஒரே திசையிற் செலுத்துகின்றது. அதன்பின் கொள்ளளவி என்னும் உறுப்பு அதனைத் தேக்கி வைக்கின்றது. அங்கிருந்தே இசைக்கு வேண்டிய ஆற்றல் எடுக்கப்படுகின்றது.

படுவான்கரை உழவருக்கு இதனை விளக்குதல் எளிது. உன்னிச்சைக் குளத்துக்கு நீர் ஒரே சீராக வருவதில்லை. மாரி மழையிற் பெருவெள்ளமாக வரும். கோடையில் வாராது நிற்கும். ஆயினும் குளத்தில் நீர் தேங்கியிருக்கும் வரையில் மதகைத் திறந்தால் வாய்க்காலில் நீர் சீராகவே பாயும். வயலுக்குக் கிடைப்பது ஆற்றின் ஓட்டமன்று, குளத்தின் நீர். அம்பிளிபயரில் உள்ள கொள்ளளவி அக்குளத்தைப் போன்றது. அது வினாடிக்கு 100 முறை நிரப்பப்படுகின்றது; இடையிடையே இசை அதிலிருந்து வேண்டிய அளவு எடுத்துக்கொள்கின்றது. குளத்துக்கு வரும் வாய்க்காலின் கரையில் பளிங்கு பதித்தால் வயலில் நெல் சிறப்பாக விளையும் என்று யாரும் வாதிடார்.

இதனைக் கணக்கிட்டும் பார்க்கலாம். ஒரு சதுர மில்லிமீற்றர் குறுக்குப் பரப்புடைய செம்புக் கம்பிக்கு மீற்றர் ஒன்றுக்கு ஏறத்தாழ 0.0175 ஓம் தடை உண்டு. ஒன்றரை மீற்றர் வடத்தில் மின்சாரம் போய்த் திரும்பும் வழி மூன்று மீற்றர். ஆகவே மொத்தத் தடை ஏறத்தாழ 0.05 ஓம். 115 வாற்று வலுவை எடுக்கும் அம்பிளிபயருக்கு 230 வோல்ற்றில் அரை அம்பியர் மின்னோட்டம் வேண்டும். அவ்வோட்டத்தால் வடத்தில் இழக்கப்படும் அழுத்தம் 0.025 வோல்ற்று, அதாவது 230-இல் ஏறத்தாழ ஒன்பதாயிரத்தில் ஒரு பங்கு. வடத்தை நான்கு மடங்கு தடிப்பாக்கினால் இவ்விழப்பில் முக்காற் பங்கு மீளும். அது ஏறத்தாழ 0.02 வோல்ற்று. கொள்ளளவிக்குச் செல்லும் ஓட்டம் ஒழுங்காக ஓடாது துடிப்புத் துடிப்பாகவே செல்கின்றது என்று ஒருவர் வாதிடலாம். அவ்வாதம் சரியானதே. அத்துடிப்புகளின் உச்சம் பத்து மடங்கு என்று கொண்டாலும் இழப்பு கால் வோல்ற்றைத் தாண்டாது. இலங்கையிலோ வீட்டுக்கு வரும் அழுத்தம் 230 வோல்ற்றிலிருந்து 6 வீதம் கூடவோ குறையவோ விதி இடந்தருகின்றது. அது ஏறத்தாழ 14 வோல்ற்று ஆகும். அயலிலுள்ள அரிசி ஆலை ஒன்று இயங்கத் தொடங்கும்போது நிகழும் ஏற்றத்தாழ்வுக்கு முன்னால் வடத்தின் பங்கு கடலிற் கரைத்த உப்பைப் போன்றது.

இவ்வாறு கூறுவதால், மின்னூட்டத்துக்கும் ஒலிக்கும் தொடர்பே இல்லையெனக் கொள்ளலாகாது. மின்னூட்டம் உண்மையாகவே குறைந்தால் ஒலி குன்றும் என்பதைப் போர்க்காலத்து மக்கள் நன்கு அறிவர். 1990களின் தொடக்கத்தில், மின்சாரம் துண்டிக்கப்பட்டிருந்த யாழ்ப்பாணக் குடாநாட்டில், மிதிவண்டியின் டைனமோவைச் சுழற்றி அதன் மின்சாரத்தால் வானொலி கேட்டார்கள். மிதிப்பவரின் கால் தளர்ந்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் தளரும். அங்கே குறைந்தது ஆற்றலின் அளவே. அதனை விலையுயர்ந்த வடம் கொண்டு ஈடுசெய்திருக்க முடியாது. மிதிக்கும் கால் ஒன்றே ஈடுசெய்தது.

ஆற்றலின் அளவு ஒருபுறமிருக்க, மின்சாரத்தோடு கலந்து வரும் இரைச்சல் பற்றிய வாதமும் உண்டு. கைத்தொலைபேசி மின்னேற்றிகளும் சில மின்விளக்குகளும் மின்விசிறிக் கட்டுப்படுத்திகளும் மின்கம்பிகளில் உயர்ந்த மீடிறனுடைய அலைகளைக் கலக்கின்றன என்பது அளந்தறிந்த உண்மை. கவசமிட்ட வடம் அத்தகைய அலைகள் அயலிலுள்ள இசைக்கம்பியிற் படியாமல் ஓரளவு காக்கவுங்கூடும். ஆனால் நன்கு அமைக்கப்பட்ட கருவியில் இவ்வலைகளை வடிகட்டும் உறுப்புகள் உள்ளேயே உள்ளன. கருவி அவ்வாறு அமைக்கப்படாததாயின், வடத்தின் மேல் கவ்வுமாறு பூட்டப்படும் சிறிய பெரைற் வளையம் ஒன்று குறைந்த செலவில் அப்பணியைச் செய்யும். மின்வடத்தையும் இசைக்கம்பியையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கவிடாது ஒரு சாண் விலக்கி வைத்தாலோ செலவே இல்லை.

வடத்தை மாற்றியதால் மெய்யாகவே நன்மை விளையும் சந்தர்ப்பங்களும் உண்டு. எழுவான்கரையில், ஒருபுறம் கடலும் மறுபுறம் வாவியும் சூழ்ந்த ஒடுங்கிய நிலத்தில் அமைந்த ஊர்களில், காற்று எப்போதும் உப்பைச் சுமந்தே வீசுகின்றது. அவ்வுப்பு செருகியின் பித்தளை முள்களைக் களிம்பேறச் செய்கின்றது; மின்குதையின் உட்தகடுகளை அரிக்கின்றது. களிம்பேறிய இணைப்பில் மின்சாரம் தடைப்பட்டும் பொறிபறந்தும் செல்லும். ஒலிபெருக்கியில் வெடிப்போசையும் கரகரப்பும் எழும். அந்நிலையிற் பழைய வடத்தைக் கழற்றிப் புதியதைப் பூட்டினால் இரைச்சல் நீங்கும். அந்நன்மை புதிய வடத்தின் விலையால் வந்ததன்று. துருவற்ற இறுக்கமான இணைப்பால் வந்தது. பழைய செருகியையே கழற்றிச் சுத்தஞ் செய்து மீண்டும் இறுகப் பூட்டியிருந்தாலும் அதே பயன் கிட்டியிருக்கும். விலையுயர்ந்த வடத்தைப் பூட்டும்போது பழைய இணைப்பு கழற்றப்படுகின்றது என்பதும், அக்கழற்றுதலே சில வேளைகளில் நோய்க்கு மருந்தாகிவிடுகின்றது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கவை.

உறுமல் வேறு வகையானது. பழைய வானொலிப் பெட்டியிலோ அம்பிளிபயரிலோ இடையறாது எழும் தாழ்ந்த உறுமலுக்குப் பெரும்பாலும் காரணம் உலர்ந்துபோன கொள்ளளவி. அல்லது ஒன்றோடொன்று இணைந்த இரு கருவிகள் தனித்தனி மின்குதைகளிற் புவித்தொடுப்புப் பெற்று ஒரு வளையம் உண்டாதல். முன்னதற்குக் கொள்ளளவியை மாற்றுதல் வேண்டும். பின்னதற்கு இரு கருவிகளுக்கும் ஒரே மின்குதையிலிருந்து மின்சாரம் கொடுத்தல் பெரும்பாலும் போதும். இரண்டுக்கும் விலையுயர்ந்த வடம் மருந்தன்று.

இங்கே மிகுந்த எச்சரிக்கை ஒன்று வேண்டும். உறுமலைப் போக்குவதற்காகச் சிலர் செருகியின் புவித்தொடுப்பு முள்ளைத் துண்டித்துவிடுவதுண்டு. உறுமல் போகலாம், உயிரும் போகலாம். கருவிக்குள் ஒரு கம்பி அறுந்து உலோகப் பெட்டியைத் தொட்டால், மின்சாரத்தைப் பாதுகாப்பாக நிலத்துக்குக் கொண்டுசெல்லும் வழி அந்த முள் ஒன்றே. அவ்வழி அடைபட்டால் பெட்டியைத் தொடும் கையே வழியாகிவிடும். ஈரத்தரையில் வெறுங்காலுடன் நடமாடும் வீடுகளில் இவ்வாபத்து பன்மடங்கு பெரிது. வட்ட முள் செருகிகளும் சதுர முள் செருகிகளும் ஒரே வீட்டிற் கலந்து கிடப்பதனால் இடையிணைப்புகளைப் பயன்படுத்தும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. அவற்றுட் சில புவித்தொடுப்பை இடையிலேயே அறுத்துவிடுகின்றன. வெளித்தோற்றத்திற் பகட்டாக இருந்தும் உள்ளே புவிக்கம்பி இணைக்கப்படாத வடம், எத்துணை விலையுயர்ந்ததாயினும், வீட்டுக்குள் வரத் தகாதது.

சரியான நிலையிலுள்ள சாதாரண வடத்துக்கும் சரியான நிலையிலுள்ள விலையுயர்ந்த வடத்துக்கும் இடையே வேறுபாடு கேட்டதாக நேர்மையான பலர் கூறுவது ஏன் என்ற கேள்வி எஞ்சுகின்றது. விடை மனிதச் செவியின் இயல்பிலும் மனத்தின் இயல்பிலும் உள்ளது. ஒலியின் உரப்பு மிகச் சிறிதளவு கூடினால் அது உரப்பாகத் தோன்றாது தெளிவாகவே தோன்றும். வடத்தை மாற்றியபின் ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழ் ஒரு மயிரிழை கூடுதலாகத் திரும்பியிருந்தாலும் இசை மேம்பட்டதாகவே உணரப்படும். அன்றியும், வினாடிக்கு 3400 அதிர்வுடைய ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மாத்திரமே. நாற்காலியிற் சற்றுச் சரிந்து அமர்ந்தாலே உயர்ந்த சுரங்களின் சமநிலை காதுக்கு மாறிவிடுகின்றது. ஒலியின் சாயலைப் பற்றிய நினைவோ மிகக் குறுகியது. வடத்தைக் கழற்றிப் பூட்டும் சில நிமிடங்களுக்குள் முன்னர்க் கேட்டதன் நுட்பம் நினைவிலிருந்து நழுவிவிடுகின்றது. இவற்றுக்கெல்லாம் மேலாக, பெரும்பொருள் கொடுத்து வாங்கியவர் கவனத்தோடு கேட்கின்றார். கவனத்தோடு கேட்பவருக்கு முன்னர்க் கேளாத உடுக்கையின் அதிர்வும் தம்புராவின் இழையும் கேட்கவே செய்யும். அவை பழைய வடத்திலும் இருந்தன, கேட்பார் இல்லை.

கண்ணும் எதிர்பார்ப்பும் செவியை ஆட்சி செய்வதற்குப் புகழ்பெற்ற சான்றொன்று உண்டு. 2010-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் இந்தியானாபொலிஸ் நகரில் 21 வயலின் கலைஞர்கள் ஒரு சோதனைக்கு உட்பட்டனர். ஸ்ராடிவாரி முதலிய பழம்பெரும் இத்தாலிய ஆசான்கள் ஆக்கிய மூன்று வயலின்களும் புதிதாகச் செய்யப்பட்ட மூன்று வயலின்களும் அவர்களிடம் கொடுக்கப்பட்டன. அறையில் ஒளி குறைக்கப்பட்டிருந்தது. கலைஞர்கள் கருங்கண்ணாடி அணிந்திருந்தனர். எது பழையது, எது புதியது என்று அறியாது வாசித்தபோது பெரும்பாலோர் புதிய வயலின்களையே விரும்பினர். 2012-இல் வெளியான இம்முடிவு கலைஞர்களின் செவியை இழிவுபடுத்தவில்லை. பெயரும் விலையும் மறைக்கப்படும் வரையில் செவி தனித்துத் தீர்ப்பு வழங்க முடியாது என்பதையே காட்டியது.

மின்வடத்தையும் இவ்வாறு சோதித்திருக்கின்றனர். 2004-ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் இசைக்கருவி ஆர்வலர்களைக் கொண்டு ஒரு சோதனை நடத்தப்பட்டது. சாதாரண வடமும் மிகுந்த விலையுள்ள வடமும் மாறி மாறிப் பூட்டப்பட்டன. எது பூட்டப்பட்டுள்ளது என்பது கேட்போருக்கு மறைக்கப்பட்டது. மொத்தம் 149 விடைகளுள் 73 சரியாயின. நாணயத்தைச் சுண்டிப் பூவா தலையா பார்த்து விடையளித்திருந்தாலும் 74 அல்லது 75 சரியாகியிருக்கும். ஒரு சோதனை உலகத்தின் எல்லாக் கருவிகளுக்கும் எல்லாச் செவிகளுக்கும் தீர்ப்பாகாது என்பது உண்மையே. ஆயினும் வேறுபாடு வானத்துக்கும் பூமிக்கும் இடைப்பட்டது என்று விளம்பரஞ் செய்பவர்களுக்கு, அவ்வேறுபாட்டை மறைவிலும் கேட்கச் செய்து காட்டும் கடமை உண்டு.

இச்சோதனையை எவரும் தம் வீட்டிலேயே செய்யலாம். இருவர் வேண்டும். ஒருவர் கேட்பவர், மற்றவர் திரைக்குப் பின்னிருந்து வடத்தை மாற்றுபவர். ஒவ்வொரு முறையும் மாற்றுபவர் நாணயத்தைச் சுண்டி எந்த வடத்தைப் பூட்டுவது என்று தீர்மானித்தல் வேண்டும். கருவியை நிறுத்தி, செருகியைக் கழற்றிய பின்னரே வடத்தைத் தொடுதல் வேண்டும். அதே வடம் மீண்டும் விழுந்தாலும் அதனைக் கழற்றிப் பூட்டுதல் வேண்டும். இல்லையேல் ஓசையே குறிப்புணர்த்திவிடும். ஒலிக்கட்டுப்பாட்டுக் குமிழைத் தொடுதலாகாது. பாட்டு ஒன்றே ஆயிருத்தல் வேண்டும். கேட்பவர் விரும்பிய நேரம் கேட்கலாம். இவ்வாறு 16 முறை செய்து விடைகளைக் குறித்துக்கொண்டால், 12 அல்லது அதற்கு மேற்பட்டவை சரியானால் மட்டுமே அது கவனத்துக்குரியது. வெறும் அதிர்ஷ்டத்தால் அவ்வளவு சரியாவதற்குரிய வாய்ப்பு நூற்றில் நான்குக்கும் குறைவு. எட்டோ ஒன்பதோ சரியானால் அது நாணயத்தின் திறமையேயன்றிச் செவியின் திறமையன்று. புள்ளிவிபரவியல் அறிஞர் பிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில், தேநீரில் பாலை முன்னர் ஊற்றினரா பின்னர் ஊற்றினரா என்று சுவைத்தே அறிவதாகக் கூறிய பெண்மணியை எட்டுக் கோப்பைகள் கொண்டு சோதிக்கும் முறையை விளக்கினார். தேநீருக்குப் பொருந்திய முறை இசைக்கும் பொருந்தும்.

பழகிய செவி உணர்வதை எந்த அளவுமானியும் அறியாது என்று சிலர் மறுப்பர். இம்முறையில் அளவுமானி எதுவும் இல்லை என்பதை அவர்கள் கவனித்தல் வேண்டும். இங்கே நீதிபதி செவியே. கண்ணுக்கும் விலைச்சீட்டுக்கும் மட்டுமே சாட்சியம் மறுக்கப்படுகின்றது. ரெனன்ற் தோணிப் பலகையில் காதை வைத்ததும், லாங் அடிகளார் நீருக்குள் ஒலிவாங்கியை இறக்கியதும் செவியை நம்பாமையால் அல்ல. செவிக்குத் தூய்மையான வாய்ப்பை அளிப்பதற்காகவே.

இல்லத்து இசையை மேம்படுத்த விரும்புவோர் தம் பொருளை எங்கே செலவிடலாம் என்பதையும் கூறாது விடுதல் முறையன்று. முதலாவது, தகுதி பெற்ற மின்னிணைப்பாளர் ஒருவரைக் கொண்டு வீட்டின் புவித்தொடுப்பையும் ட்ரிப் சுவிட்ச் எனப்படும் பாதுகாப்பு ஆளியையும் பரிசோதித்தல். இரண்டாவது, இடிமின்னற் காலங்களில் கருவியின் செருகியைக் கழற்றி வைத்தல். பருவப்பெயர்ச்சி மாதங்களின் மாலை இடிகளுக்கு இதைவிடச் சிறந்த காப்பு வேறில்லை, செலவும் இல்லை. மூன்றாவது, அறையைக் கவனித்தல். சீமெந்துத் தரையும் பூசிய வெறுஞ்சுவரும் ஒலியைத் திருப்பித் திருப்பி எறிந்து சொற்களைக் குழப்புகின்றன. மட்டக்களப்புக்குப் பெயர்பெற்ற பன்பாயை விரித்து, சன்னல்களுக்குக் கைத்தறிச் சீலையின் தடித்த திரையைத் தொங்கவிட்டு, ஒரு சுவரோரம் புத்தக அலுமாரியை நிறுத்தினால் எதிரொலி அடங்கும். ஒலிபெருக்கிகளைச் சுவரின் மூலையிலிருந்து சற்று முன்னே இழுத்து, கேட்பவரின் காதுயரத்துக்கு உயர்த்தி வைத்தால் குரல் தெளியும். இவ்வேறுபாடுகளைக் கேட்பதற்குத் திரையும் நாணயமும் வேண்டியதில்லை. வாசலில் நிற்பவருக்கும் விளங்கும். அதன் பின்னும் பொருள் எஞ்சினால் அதனை நல்ல ஒலிபெருக்கிகளில் இடுதல் தகும். ஏனெனில் இசைத்தொடரின் உறுப்புகளுள் ஒலியின் சாயலை மிகுதியாக மாற்றுவன அவையும் அறையுமே.

ஆகவே முடிவு இதுவாகும். வடம் ஒன்று குறையற்றதாக, கருவியின் வலுவுக்குப் போதிய தடிப்புடையதாக, இறுக்கமான துருவற்ற முனைகளுடையதாக, புவித்தொடுப்பு உடையதாக இருத்தல் வேண்டும். இவ்வியல்புகள் சாதாரண விலையிலேயே கிடைக்கும். அதற்கு மேற்பட்ட விலை அழகுக்கும் பெருமிதத்துக்கும் கொடுக்கப்படுவது. அழகை விரும்பி வாங்குபவரைக் குறைகூற இடமில்லை; அது அவர் பொருள், அவர் விருப்பம். ஆனால் மகளின் கல்விக்கும் கூரையின் பழுதுக்கும் சேர்த்து வைத்த பணத்தை, இல்லாத இன்னொலியை நம்பி ஒருவர் செலவிடுவாராயின், அந்த இழப்புக்கு விற்றவரும் பொறுப்பாளி. வைகாசிக் குளுத்தியிற் கண்ணகியம்மன் கோவில் முன்றிலில் மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கு அப்பால் கட்டிய குழாய் ஒலிபெருக்கியின் வழியே வரும் பாட்டைக் கேட்டு ஊரே உருகி நிற்கின்றது. பாடுவோரின் குரலும் கேட்போரின் கவனமும் அங்கே நிறைந்திருக்கின்றன. கம்பி தன் கடமையை மட்டும் செய்கின்றது.